வீட்டுக்குள் ஒரு 737: காக்பிட் கட்ட விரும்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கணினி சிமுலேட்டரில் பறப்பதற்காக வீட்டில் விமான காக்பிட் (பைலட் அறை) கட்டத் தொடங்குகிறவர்களில் பலர் கடைசிவரை அதில் பறப்பதே இல்லை. கராஜில் பாதி முடிந்த பலகை நிற்கும், பின்னால் ஒயர் தொங்கும், கொஞ்ச நாளில் வீட்டில் யாராவது அதன்மேல் துணி உலர்த்த ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டால் பணம் போதவில்லை என்பார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு அப்புறம் பறக்கலாம் என்று நினைத்ததுதான் காரணம்.

நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான முறை. முதல் வாரத்திலிருந்தே பறக்க வேண்டும். ஒரு பாகத்தைச் சேர்த்ததும் அதை வைத்துப் பறந்து பார்த்த பிறகுதான் அடுத்த பாகத்துக்குப் பணம் போட வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது. டர்பன் பக்கம் வெருலம், டொங்காட், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் என்று இருக்கிற நம் ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜொகானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கும் இரண்டொரு இடம் தவிர எல்லாம் பொருந்தும்.

எந்த விமானம்

போயிங் 737-800, ஏர்பஸ் ஏ320. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். வீட்டு காக்பிட்டுக்கான பாகங்கள், மென்பொருள், அளவு வரைபடங்கள் எல்லாம் இந்த இரண்டுக்குத்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டில் இரண்டையும் ஓட்டிய பைலட்டுகளும் இருக்கிறார்கள். ஃபிளைசஃபேர் 737 ஓட்டுகிறது. கடை மூடிய மேங்கோவும் குலுலாவும் 737 வைத்திருந்தவைதான். சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஏ320 வைத்திருக்கிறது.

செலவைப் பார்த்தால் ஏர்பஸ் நல்லது. நிஜ ஏ320-ல் பைலட் பிடிப்பது பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டிக். அதற்குள் இருப்பது ஸ்பிரிங்தான். காற்றின் விசை கைக்குத் திரும்பி வருவதில்லை. எஞ்சின் விசையைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது த்ரஸ்ட் லீவர்கள் நகர்வதும் இல்லை, ஒரே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஆக, மேஜையில் வைக்கிற ஒரு நல்ல ஜாய்ஸ்டிக்கே நிஜத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. போயிங்கில் கதை வேறு. பைலட் பிடித்துத் திருப்பும் கைப்பிடியான யோக் கனமானது, வேகம் கூடக்கூட இறுகும். இரண்டு பைலட்டின் யோக்கும் ஒன்றோடொன்று இணைந்தே அசையும். ஆட்டோத்ராட்டில் (ஆட்டோத்ரஸ்ட்டுக்குப் போயிங் வைத்த பெயர்) லீவர்களை மோட்டாரால் தள்ளும், மூக்கின் நிலையைச் சமன்படுத்தும் ட்ரிம் சக்கரம் முழங்காலுக்குப் பக்கத்தில் கடகடவென்று சுற்றும். இதெல்லாம் வீட்டில் செய்வது கஷ்டம், செலவும் கூட.

இருந்தாலும் நான் 737-ஐ வைத்தே எழுதுகிறேன். கையால் செய்ய நிறைய இருப்பது அதில்தான். சுவிட்ச் பிரியர்களுக்கு ஏர்பஸ் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

பைலட்டிடம் எப்படிக் கேட்பது

சொந்தத்தில், கோயிலில், பக்கத்துத் தெருவில் எங்காவது ஒரு பைலட் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “அண்ணே, நிஜ விமானம் மாதிரி இருக்கா?” என்று கேட்டால், “நல்லா இருக்கு தம்பி” என்றுதான் வரும். பிரியாணி போட்ட வீட்டில் வேறென்ன சொல்வார்?

கேட்பதைவிடப் பார்ப்பது மேல். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் ஒரு சுற்று பறக்கவிடுங்கள்: புறப்பாடு, ஒரு திருப்பம், இறக்கம். நீங்கள் பின்னால் நின்று அவர் கைகளை மட்டும் பாருங்கள். பல்லாயிரம் மணி நேரம் பறந்த கை, பார்க்காமலே ஒரு இடத்துக்குப் போகும். அங்கே பொருள் இல்லை என்றால் கை அந்தரத்தில் ஒரு நொடி தடவும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின் மடிப்பு) லீவர் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது, ட்ரிம் சுவிட்ச் கட்டைவிரலுக்கு எட்டவில்லை, வெளிச்சக் குமிழ் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். எந்த வரைபடமும் இதைத் தராது. ஒவ்வொரு பெரிய பாகமும் சேர்த்த பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். கம்பெனிக் கையேடுகளைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவை அவருடைய சொத்து இல்லை. செய்முறை, வரிசை, பழக்கம் இவற்றை வாயால் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

பைலட் யாரும் கிடைக்கவில்லையா? ஒரு நிஜ காக்பிட்டையாவது பார்த்துவிடுங்கள். ஜெர்மிஸ்டனில் ராண்ட் விமான நிலையத்தில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 2004-ல் அங்கே வந்திறங்கிய ‘லெபோம்போ’ என்ற 747 அங்கேதான் நிற்கிறது. அது வேறு ரக விமானம்தான். ஆனாலும் ஆள் உட்கார்ந்தால் மிச்சம் எவ்வளவு இடம், எது எவ்வளவு தூரம் என்பது படத்தில் தெரியாத சங்கதி.

இடம், ஈரம், மின்சாரம்

திரையோடு சேர்த்து முழு காக்பிட்டுக்கு ஒரு கார் நிற்கிற கராஜ் போதும். மூன்று டிவியோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் ஒரு படுக்கையறையே போதும். பின்பக்கம் ஆள் நுழைந்து வேலை செய்ய அரை மீட்டருக்கு மேல் விட்டுவிடுங்கள். பேனலுக்குப் பின்னால்தான் வாழ்க்கையின் பாதி கழியப்போகிறது.

டர்பனின் பகைவன் ஈரம். கடற்காற்றில் உப்பு வேறு. எம்டிஎஃப் பலகையின் வெட்டிய ஓரங்கள் ஈரம் குடித்து உப்பிவிடும். வெட்டியதுமே சீலர் அடித்து மூட வேண்டும். சுமை தாங்கும் இடங்களுக்கு மரைன் ப்ளைவுட் அல்லது அலுமினியச் சட்டம் நல்லது. திருகுகள் ஸ்டெயின்லெஸ். சுவிட்ச் வாங்கும்போது தங்கப் பூச்சுள்ள முனைகளைக் கேளுங்கள். நம் மின்சுற்றில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். துரு படிந்த முனையை அது தாண்டாது, சுவிட்ச் போட்டால் சில நேரம் மட்டும் வேலை செய்யும். கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தோட்டத்தை எரிக்கும்போது பறக்கும் கரி, ப்ரொஜெக்டர் வடிகட்டியில் போய் உட்காரும்.

மின்சாரத்துக்கு வருவோம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினி, மூன்று ப்ரொஜெக்டர், மானிட்டர்கள் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவாட் ஆகலாம். நம் 15 ஆம்பியர் பிளக், 230 வோல்ட் என்றால் அதிகபட்சம் 3,450 வாட். கணக்கில் அடங்குகிறது, ஆனால் அதே சாக்கெட்டில் ஏசியையும் மாட்டக் கூடாது. கராஜுக்குப் புது லைன் இழுக்க வேண்டியிருந்தால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வீட்டை விற்கும்போது அது தேவைப்படும்.

லோட்ஷெட்டிங் காலத்தில் போட்ட இன்வெர்ட்டர் பல வீடுகளில் இருக்கிறது. கணினியை அதில் மாட்டுங்கள், அல்லது தனியாக ஒரு யுபிஎஸ் வையுங்கள். கரண்ட் போனால் விமானத்தை இறக்கி முடிப்பதற்காக இல்லை, கணினியை ஒழுங்காக மூடுவதற்காக. விளக்கு வைத்த பழைய ப்ரொஜெக்டர் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். அணைத்த பிறகும் அதன் மின்விசிறி கொஞ்ச நேரம் ஓடி விளக்கைக் குளிர்விக்க வேண்டியிருக்கும், திடீரென்று நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். ஜொகானஸ்பர்க்காரர்களுக்குக் கோடை மாலை இடிமின்னல் ஒரு தனித் தலைவலி. சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

முதல் வாரம்: மேஜையில் பறத்தல்

கணினி, ஒரு மானிட்டர், கடையில் கிடைக்கும் சாதாரண யோக். அவ்வளவுதான். மென்பொருள் இரண்டு வழி. எக்ஸ்-பிளேன் 12 வாங்கினால் அதில் ஜீபோ என்ற 737-800 இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்று நம்ப முடியாத அளவுக்கு ஆழமாகச் செய்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்றால் பிஎம்டிஜி-யின் 737 இருக்கிறது, காசு கொடுக்க வேண்டும். வெளிக்காட்சி அழகுக்கு மைக்ரோசாஃப்ட். பல திரை, பல கணினி என்று இணைக்க எக்ஸ்-பிளேன் சுலபம். காக்பிட் கட்டுகிறவர் என்றால் என் ஓட்டு எக்ஸ்-பிளேனுக்கு. புரோசிம் என்ற தனி மென்பொருளும் உண்டு, விமானத்தின் மூளை முழுவதையும் சிமுலேட்டருக்கு வெளியே ஓட்டும், உறுதியானது. ஆனால் விலை பெரியது. இரண்டு இருக்கையும் முடிகிற காலத்தில் யோசித்துக்கொள்ளலாம்.

இந்த மேஜைக் காலத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். சுட்டியால் அழுத்தியே டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் வரை முழுப் பயணம் செய்யுங்கள். எந்தச் சுவிட்சை ஒவ்வொரு பயணத்திலும் தொடுகிறீர்கள், எதைத் தொட்டதே இல்லை என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். உங்கள் கொள்முதல் வரிசையை அந்தத் தாள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கண் எங்கே இருக்கிறது

பெரும்பாலானோர் பேனலை முதலில் நிறுத்தி, கடைசியில் நாற்காலியைப் போடுகிறார்கள். பைலட் செய்வது தலைகீழ். காக்பிட்டில் ஏறியதும் அவர் முதலில் சரிசெய்வது இருக்கையை. முன்னால் இருக்கும் திரைகள் எதையும் பேனலின் மேல்விளிம்பில் நீண்டிருக்கும் மறைப்பு வெட்டக் கூடாது, அதே நேரம் மறைப்புக்கு மேலே வெளியே ஓடுதளம் கீழ்நோக்கித் தெரிய வேண்டும். கண் அந்த ஒரு புள்ளியில் இருந்தால்தான் இரண்டும் கிடைக்கும். ஆகவே நாற்காலியைப் போடுங்கள், உட்காருங்கள், கண் உயரத்தை அளங்கள், அதிலிருந்து மற்ற எல்லாவற்றின் இடத்தையும் கணக்கிடுங்கள். முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும் பழைய கார் சீட் இதற்கு அருமையானது. உடைத்து விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

வெளிக்காட்சியின் கோணமும் கண்ணிலிருந்துதான் வருகிறது. 55 அங்குல டிவி சுமார் 122 சென்டிமீட்டர் அகலம். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு மீட்டர் என்றால், கண்ணில் அது அடைக்கும் கோணம் சுமார் 63 டிகிரி. ஒன்றரை மீட்டர் என்றால் 44 டிகிரி. சிமுலேட்டரில் பார்வைக் கோணத்தை இந்த எண்ணுக்கே வைக்க வேண்டும். நிறையத் தெரியட்டும் என்று 90, 100 என்று ஏற்றினால் ஓடுதளம் நிஜத்தைவிடச் சின்னதாக, தூரமாகத் தெரியும். தரை எப்போது நெருங்குகிறது என்று கண் ஏமாறும். வீட்டில் பறக்கும் பலர் கடைசியில் தடாலென்று இறங்குவதற்குக் கைப்பழக்கத்தைவிட இந்த எண்ணே பெரும்பாலும் காரணம்.

கை படும் பாகங்கள்

பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

யோக்: 737-800-ல் புறப்படும்போது மூக்கை நொடிக்கு இரண்டு, மூன்று டிகிரி என்ற நிதானத்தில் தூக்குகிறார்கள். சக்கரம் தரையை விடுவது சுமார் 8, 9 டிகிரியில். தரையில் இருக்கும்போதே 11 டிகிரிக்குப் போனால் வால் உரசும். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற இரண்டு மூன்று டிகிரியைக் கை உணர வேண்டும் என்றால் மலிவான யோக் உதவாது. நடுவில் தளர்ச்சி இருக்கக் கூடாது, சென்சார், தேயும் பொட்டென்ஷியோமீட்டராக இல்லாமல் காந்தத்தால் அளக்கும் ஹால் வகையாக இருக்க வேண்டும், 12 பிட் நுணுக்கம் வேண்டும். அதாவது முழு அசைவும் 4,096 படிகளாகப் பிரிய வேண்டும். மென்பொருளில் டெட்ஸோனை (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) பூஜ்யமாக வையுங்கள். நீங்களே செய்வதென்றால், தரையிலிருந்து எழும் தண்டு நீளமாக இருக்கட்டும். மேஜை யோக்கில் கை முன்னும் பின்னும் நேர்கோட்டில் போகிறது. நிஜத்தில் தண்டு முழுதும் சாய்கிறது.

ட்ரிம்: பைலட்டுகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான். யோக்கைப் பிடித்துக்கொண்டே பறக்காதே, மூக்கை வேண்டிய இடத்தில் வை, கையில் இருக்கும் பாரம் போகும்வரை ட்ரிம் செய். யோக்கின் இடது கொம்பில், கட்டைவிரலுக்கு அடியில் ட்ரிம் சுவிட்ச் இருக்க வேண்டும். நிஜத்தில் அது இரண்டு சுவிட்ச் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும். அடுத்தது சக்கரத்தின் சத்தம். மோட்டார் வைத்த ட்ரிம் சக்கரம் ஆடம்பரம் என்று தோன்றும். ஆனால் ஆட்டோபைலட் என்ன செய்கிறது என்பதைப் பைலட் காதால் தெரிந்துகொள்வது அதில்தான்; தேவையில்லாமல் ஓடினால் முதலில் எச்சரிப்பதும் அந்தச் சத்தமே. மோட்டாருக்குப் பணமில்லையென்றால் சத்தத்தையாவது அந்த இடத்தில் வைத்த ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரவழைக்கலாம்.

த்ராட்டில்: மோட்டார் இல்லாத லீவரோடு ஆட்டோத்ராட்டில் பயன்படுத்தினால் ஒரு பொறி இருக்கிறது. லீவர் ஓரிடத்தில், நிஜ உந்துவிசை வேறிடத்தில். ஆட்டோத்ராட்டிலை எடுத்துவிட்ட அந்த நொடியில் எஞ்சின் திடீரென்று லீவர் இருக்கும் இடத்துக்குத் தாவும், அதுவும் ஓடுதளத்துக்கு 500 அடி மேலே. எடுப்பதற்கு முன் லீவரைத் திரையில் தெரியும் என்1 (எஞ்சின் முன்விசிறியின் வேகம், சதவீதத்தில்) அளவுக்கு ஒத்துவரும்படி கொண்டுவந்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஃபிளாப் லீவரில் 1-லும் 15-லும் தடுப்பு இருக்க வேண்டும்; கை தெரியாமல் அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகப் போயிங் வைத்தது. அதைச் செய்யாமல் வழுக்கிக்கொண்டு போகிற லீவரைப் பைலட் கை உடனே கண்டுபிடித்துவிடும். சக்கர லீவருக்கு இந்த ரகத்தில் மூன்று நிலை: மேல், ஆஃப், கீழ்.

பெடல்: கால்விரலால் அழுத்தும் பிரேக் உள்ளது வாங்குங்கள். தரையில் திருப்ப பெடல் மட்டும் போதாது. நிஜ 737-ல் பெடல் மூக்குச் சக்கரத்தை 7 டிகிரிதான் திருப்பும், டில்லர் என்ற கைப்பிடி 78 டிகிரிவரை திருப்பும். கேப்டனின் இடது முழங்கால் பக்கம் ஒரு சின்னக் கைப்பிடியும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் வைத்தால் வேலை முடிந்தது. வீட்டில் செய்கிற பாகங்களில் மிகச் சுலபமானது இது. வியப்பு என்னவென்றால் பலர் இதைச் செய்வதே இல்லை.

எம்சிபி: கண்ணாடிக்குக் கீழே நீளமாக இருக்கும் ஆட்டோபைலட் பேனல். பறக்கும் நேரம் முழுக்கக் கை போய்வருகிற இடம். ஆயத்தமாக வாங்கலாம், நீங்களே செய்தால் கற்றுக்கொள்வது அதிகம். இரண்டு கோர்ஸ், வேகம், திசை, உயரம், ஏறிறங்கு வேகம் என்று எண் காட்டும் ஜன்னல்களின் இலக்க இடங்களைக் கூட்டினால் 23 வரும். மேக்ஸ்7219 என்ற சிப் ஒன்று எட்டு எண்களை ஓட்டும், ஆக மூன்று சிப் போதும். குமிழ்களுக்கு, சுற்றுவதை எண்ணிச் சொல்லும் ரோட்டரி என்கோடர். ஒரு சுற்றுக்கு எத்தனை சொடக்கு, எவ்வளவு இறுக்கம் என்று பார்த்து வாங்குங்கள். கொழகொழவென்று சுற்றும் குமிழில் திசையைச் சரியாக வைக்கவே முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது பொருள் விலையோடு கூரியர், சுங்கம், 15 சதவீத வாட் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சின்னச் சின்னதாகப் பலமுறை வாங்குவதைவிட மூன்று மாதத் தேவையைச் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்குவது லாபம்.

சட்டமும் பேனலும்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு வரைபடம் வாங்கி, முதலில் அட்டையில் வெட்டி நிறுத்தி, ஒரு வாரம் அதோடு பறந்து பாருங்கள். கை இடித்தால் அட்டையை நகர்த்துவது சுலபம். பிறகு மரத்தில் வெட்டலாம். கேப்டன் பக்கத்து இரண்டு திரைகளுக்கும் பேனலுக்குப் பின்னால் ஒரு 22 அங்குல மானிட்டர் போதும். முதலில் இடது பக்கத்தை முழுதாக முடியுங்கள். வலது பக்கம் அட்டையாகவே இருந்தாலும் விமானம் பறக்கும். போயிங் சாம்பல் நிறத்துக்கு ஆர்ஏஎல் 7011 என்ற பெயிண்ட் நிற எண் நெருங்கி வரும், பளபளப்பில்லாத வகையைக் கேளுங்கள்.

எழுத்து ஒளிரும் பேனல்களுக்கு ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் சாயம் அடித்து, எழுத்து வருமிடத்தை மட்டும் லேசரால் எடுக்கிறார்கள். பெயர்ப்பலகை செய்கிற கடைக்காரரிடம் கோப்பைக் கொடுத்தால் வெட்டித் தருவார். பின்விளக்கு வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் கலந்த சூடான நிறமாக இருக்கட்டும்.

ஒயரிங்

ஆர்டுயினோ மெகா என்ற சின்ன மின்னணு போர்டும் மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் நிரல் எழுதத் தெரியாமலே முழு காக்பிட்டையும் இணைத்துவிடலாம். மெகாவில் 54 டிஜிட்டல் முனை, 16 அனலாக் முனை. சுவிட்சுக்கு ஒரு முனை, என்கோடருக்கு இரண்டு. ஒரே போர்டில் எல்லாவற்றையும் திணிக்காமல் பேனலுக்கு ஒரு போர்டு என்று வைத்தால், பழுது வரும்போது அந்தப் பேனலை மட்டும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவரலாம். மீதி காக்பிட் பறந்துகொண்டே இருக்கும். நான் முதலில் சொன்ன விதிக்கு மின்சார வடிவம் இதுதான்.

விளக்குகளின் மின்சாரத்தை ஆர்டுயினோவிலிருந்தோ கணினியின் யுஎஸ்பியிலிருந்தோ இழுக்காதீர்கள். தனி 5 வோல்ட், 12 வோல்ட் சப்ளை வைத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணையுங்கள். ஒவ்வொரு சப்ளைக்கும் ஃபியூஸ். யுஎஸ்பி ஹப் தனி மின்சாரம் உள்ளதாக இருக்க வேண்டும். விண்டோஸில் யுஎஸ்பியை மின் சேமிப்புக்காக நிறுத்திவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பயணத்தின் நடுவில் எம்சிபி தூங்கிப்போகும். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் எண் ஒட்டி, ஒரு நோட்டில் எழுதுங்கள். எரிச்சலான வேலைதான். எழுதாமல் விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து டார்ச் அடித்துக்கொண்டு பேனலுக்குப் பின்னால் படுத்திருப்பார்கள்.

மேல் பேனல்

தலைக்கு மேலே சுவிட்சுகளின் அந்தக் காடுதான் காக்பிட் ஆசையின் பாதி. எனக்கும் பிடிக்கும். ஆனால் வரிசையில் கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். எஞ்சின் கிளம்பிய பிறகு விளக்கு, ஐஸ் தடுப்பு, சீட் பெல்ட் அடையாளம் தவிர அங்கே கை போவது குறைவு. அதுவரை ஒரு தொடுதிரையைத் தலைக்கு மேல் மாட்டினாலே போதும்.

கட்டும்போது எல்லாச் சுவிட்சும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏபியு (வாலில் இருக்கும் துணை எஞ்சின்) சுவிட்சை ஸ்டார்ட்டுக்குத் திருப்பிக் கையை எடுத்தால் அது தானாக ஆன் நிலைக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் சுவிட்ச் காந்தத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். என்2 (எஞ்சின் உட்பகுதியின் வேகம்) 56 சதவீதம் வந்ததும் ‘டொக்’ என்று தானாக விழும். அந்த ஒரு சத்தத்தைக் கேட்டதும் எந்தப் பைலட் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். சின்ன சோலினாய்டு ஒன்று, கட்டுப்படுத்த ஒரு ரிலே. செலவைவிடப் பலன் அதிகம்.

வெளிக்காட்சியும் ஒலியும்

மூன்று டிவியில் ஆரம்பியுங்கள். வளைந்த திரையில் மூன்று ப்ரொஜெக்டர் என்பது அழகுதான், ஆனால் படங்களை வளைத்து ஒட்டத் தனி மென்பொருள், முழு இருட்டு, நிறைய இடம் எல்லாம் வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். விமானக் கம்பெனி சிமுலேட்டர்களில் காட்சி வெகுதொலைவில் இருப்பதுபோல் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள், இரு பைலட்டுக்கும் ஓடுதளம் நேராகத் தெரியும். வீட்டுத் திரை இரண்டு மூன்று மீட்டரில் இருக்கிறது. கேப்டனுக்கு நேராக வைத்தால் வலது இருக்கைக்காரருக்குக் கோணலாகத் தெரியும். நடுவில் வைத்தால் இருவருக்கும் கொஞ்சம் கோணல். தனியாகப் பறப்பவர் என்றால் தயங்காமல் கேப்டன் கண்ணுக்கே வையுங்கள்.

ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம்) 60-க்கும் 35-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட 30-ல் பூட்டி நிலையாக ஓடுவது கைக்கு நல்லது.

ஒலியில் மலிவாக நிறைய சாதிக்கலாம். கட்டுப்பாட்டு அறையின் குரல் ஹெட்செட்டில் மட்டும், காற்றும் எஞ்சினும் வெளி ஸ்பீக்கரில், ஓடுதளத்தின் அதிர்வு நாற்காலிக்கு அடியில் திருகிய ஒரு பாஸ் ஷேக்கரில். நிஜ 737 காக்பிட் காற்றிரைச்சல் மிகுந்த இடம். எஞ்சின் வெகு பின்னால் இருப்பதால் அதன் சத்தத்தைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள்.

பைலட் மாதிரி ஒரு பயணம்

டர்பன்–ஜொகானஸ்பர்க் பயிற்சிக்கென்றே செய்த தடம் என்று சொல்வேன். சுமார் 260 கடல்மைல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும், ஏறியதும் இறங்கத் திட்டமிட வேண்டும். கிங் ஷாகாவில் ஓடுதளம் 3,700 மீட்டர், ஏறக்குறைய கடல்மட்டம். ஓ.ஆர். டாம்போ 5,558 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசமே பாதி பாடம்.

இறங்கத் தொடங்கும் இடத்தைப் பைலட்டுகள் மனக்கணக்காகப் போடுகிறார்கள்: இழக்க வேண்டிய ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று கடல்மைல், வேகம் குறைக்க இன்னொரு பத்து. 32,000 அடியிலிருந்து ஜொகானஸ்பர்க் என்றால் இழப்பது 26,500 அடிதான். 80 மைலும் பத்தும், 90 மைலில் தொடங்கலாம். திரும்பி டர்பன் வரும்போது 33,000 அடியிலிருந்து கடல்மட்டம்வரை. 99-ம் பத்தும், சுமார் 110 மைலில். விமான நிலையத்தின் உயரத்தைக் கழிக்க மறந்தவர் ஜொகானஸ்பர்க்கில் வெகு முன்னதாகவே தாழ்ந்துவிடுவார்.

அடுத்தது வேகம். காட்டும் வேகம் 145 நாட் (மணிக்கு 145 கடல்மைல்) என்று வைத்தால் டர்பனில் உண்மை வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஜொகானஸ்பர்க்கில் 25 டிகிரி வெயிலில் காற்று மெல்லியதாகி உண்மை வேகம் 160-ஐத் தாண்டும். மூன்று டிகிரி சரிவுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பது தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் வரும்: டர்பனில் 725 அடி, ஜொகானஸ்பர்க்கில் 800-க்கு மேல். தரை வேகமாக வருகிறது, பிரேக்குக்கும் அதிக தூரம் வேண்டும். ஃபிளாப் 30, மூக்கு சுமார் இரண்டரை டிகிரி மேலே, என்1 ஐம்பதுகளின் பிற்பகுதி என்று ஒரு ஆரம்பப் புள்ளி மனதில் இருக்கட்டும். சக்கரம் தரையிலிருந்து 20 அடி இருக்கும்போது மூக்கை இரண்டு, மூன்று டிகிரி தூக்கி லீவரைப் பின்னால் இழுங்கள். மிதக்க விடாதீர்கள். மெத்தென்று இறங்குவதைவிடச் சரியான இடத்தில் இறங்குவதுதான் பைலட்டுகளுக்குப் பெருமை.

மற்றவை பழக்கங்கள். செக்லிஸ்ட் காகிதத்தில் இருக்கட்டும், வாய்விட்டுப் படியுங்கள். 80 நாட், வி1 (இதற்கு மேல் நிறுத்தக் கூடாத வேகம்), ரொட்டேட் (மூக்கைத் தூக்கு) என்று தனியாக இருந்தாலும் சத்தமாகச் சொல்லுங்கள். வி1-க்குப் பிறகு கையை த்ராட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இனி நிறுத்துவது இல்லை என்பதைக் கைக்கே சொல்லித்தரும் முறை அது. 10,000 அடிக்குக் கீழே வேறு பேச்சு கிடையாது, வாட்ஸ்அப்பும்தான். வலது இருக்கையில் உட்கார வீட்டில் யாராவது ஆர்வம் காட்டினால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் ஓட்ட, மற்றவர் ரேடியோ, ஃபிளாப், சக்கரம் பார்க்கட்டும். வாட்சிம் அல்லது ஐவாவோ என்ற ஆன்லைன் வலையமைப்பில் இணைந்தால் கட்டுப்பாட்டாளர் குரலும் உண்மை மனிதருடையதாக இருக்கும். கொஞ்சம் பதற்றமும் சேரும், அது நல்லதே.

ஓடிக்கொண்டே வைத்திருப்பது

காக்பிட்டைக் கெடுப்பதில் ஈரத்துக்கு அடுத்த இடம் மென்பொருள் அப்டேட்டுக்கு. தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நாளில் முழு டிஸ்க்கையும் ஒரு வெளி டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மொபிஃபிளைட் கோப்புகளைத் தனியாகவும். வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, சந்தா கட்டினால் மாற்றலாம். ஆன்லைனில் பறக்காதவர் வருடத்துக்கு ஓரிரு முறை மாற்றினாலே போதும். மாதம் ஒருமுறை ப்ரொஜெக்டர் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு சுவிட்சையும் நாலைந்து முறை போட்டு எடுத்து, யோக்கையும் பெடலையும் மறுபடி காலிபரேட் செய்யுங்கள். உதிரியாக இரண்டு என்கோடர், ஒரு மெகா போர்டு, ஒரு 5 வோல்ட் சப்ளை அலமாரியில் இருக்கட்டும். கூரியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.